கூட்டாமல், குறைக்காமல்

கதைக்கத் தொடங்குமுன் அவர் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். பிறகு நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, இரண்டு பேருக்கும் நடுவில் வராமல் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்காருவார். அதற்குப் பிறகு அவர் என்றொரு ஆள் அந்த அறையில் இருக்கமாட்டார். குரல் மட்டும் இருக்கும்.

மொழிபெயர்ப்பு அந்தப் பெண்ணின் தொழில். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பள்ளிக்கூடம் என்று எங்கே நோர்வேஜிய மொழி தெரியாத ஒரு தமிழர் உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே அவரைக் கூப்பிடுவார்கள். அந்த வேலைக்கு நோர்வேஜிய மொழியில் தொல்க் என்று பெயர். எங்கள் ஆட்களும் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டோம். வெஸ்ட்லியில் நான் இருக்கும் அதே மாடிக்கட்டடத்தில், எனக்கு இரண்டு மாடி மேலே, அவர் பல வருடம் குடியிருந்தார். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் பேசுவதையே கூச்சமாக நினைத்தவர் அவர்.

தொல்க் வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. "டொக்டர் சொல்லுறார்", "இவர் சொல்லுறார்" என்று சொல்லக்கூடாது. பேசுகிறவர் ‘நான்’ என்றால் தொல்க்கும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். மற்றவர்கள் இதில் அடிக்கடி வழுக்குவார்கள். இவர் வழுக்குவதில்லை. ஒருமுறை கடையில் களவெடுத்த ஒரு பையனுக்காக நீதிமன்றத்தில், "ஓம், நான்தான் எடுத்தேன்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறார். அரைகுறையாக விளங்கிக்கொண்ட அந்தப் பையனின் தாய் நடைக்கூடத்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, உமக்கென்ன விசரே? அவன் எடுத்ததுக்கு நீர் ஏன் ஒத்துக்கொண்டனீர்?" என்று அழுதாராம். இதை அவரே சொல்லிச் சிரித்தார். யாருடைய வழக்கு, எந்தக் கடை என்பதைச் சொல்லவில்லை. எங்கள் கட்டடத்துப் பெண்களுக்கு அவர்மேல் இருந்த பெரிய குறையே அதுதான். ஊர் முழுக்க நடப்பதெல்லாம் தெரிந்த வாய், ஆனால் அதிலிருந்து ஒரு கதையும் எடுக்க ஏலாது. மாலையில் லிப்ட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால் உதட்டைத் தொட்டுக் காட்டி, "வாய்க்கு லீவு" என்பார்.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போன நாளை முதலில் சொல்கிறேன்.

என் மனைவிக்கு வருத்தம் முற்றிவிட்டது என்று டொக்டர் சொல்லவேண்டிய நாள். நான் துரொண்ட்ஹெய்மில் பொறியியல் படித்தவன், முப்பது வருடம் தண்ணீர்க் குழாய்களைப் பற்றி நோர்வேஜிய மொழியில் அறிக்கை எழுதியவன். ஆனாலும் குடும்பத்தவர் மொழிபெயர்க்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் இவரை அழைத்திருந்தார்கள். டொக்டர் வாயைத் திறக்குமுன், நான் இவரிடம் தமிழில் மெல்ல, "தங்கச்சி, அவவுக்கு இதை முழுக்கச் சொல்லாதேங்கோ. கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோ" என்றேன். அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். டொக்டரைப் பார்த்து, தெளிவான நோர்வேஜிய மொழியில், "தங்கச்சி, அவளுக்கு இதை முழுவதும் சொல்லாதீர்கள், கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள்" என்றார். அறையில் சொல்லப்படுவது எல்லாம் மொழிபெயர்க்கப்படும். அதுவும் சட்டம். டொக்டர் என்னைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். குறைக்காத செய்தியை அவள் அன்று கேட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள், "அந்தப் பிள்ளையாவது எனக்கு மரியாதை தந்தது" என்றாள். அவள் போன பிறகும் வெகுகாலம் அந்த வாக்கியத்துக்காக அவரிடம் எனக்குக் கோபம் இருந்தது.

எங்கள் பகுதி, நகரத்தில் குறைவாக வாக்குப்போடும் பகுதிகளில் ஒன்று. அது எனக்குத் தீராத கவலை. குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவராக இருந்த காலத்தில், பொங்கல் விழாவோ கலைவிழாவோ, மைக் கையில் கிடைத்தால் இதைத்தான் பேசுவேன். "எங்கடை பிள்ளையள் வாக்குப்போடப் போகவேணும். போகாட்டி எங்களை ஒருத்தரும் எண்ணமாட்டாங்கள்." பிள்ளைகள் பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு எங்கள் கட்டடத்தின் பொது மண்டபத்தில் கட்சிக்காரரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைப்போம். வயதானவர்களுக்காக அவர் மொழிபெயர்ப்பார். ஒருமுறை வெளிநாட்டவர் வருகையைக் குறைக்கவேண்டும் என்கிற கட்சிக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவர் சொன்னதை இவர் அதே சூட்டோடு தமிழில் சொன்னார். "உங்களிலை சிலபேர் இஞ்சை வந்திருக்கவே கூடாது எண்டு நான் நினைக்கிறன்." தமிழ்ப் பெண் ஒருத்தியின் வாயிலிருந்து அதைக் கேட்டுச் சபை கொதித்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து, "அக்கா, நீங்களாவது கொஞ்சம் பாத்துச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"பாத்துச் சொல்லியிருந்தா நீங்கள் அவருக்கே வாக்குப் போட்டிருப்பியள், அண்ணை."

இத்தனைக்கும் தான் யாருக்குப் போடுகிறார் என்று அவர் சொன்னதில்லை.

கஞ்சாவை அரசாங்கமே கடை திறந்து விற்கலாமா என்ற பேச்சு அடிபட்ட நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அந்தக் கூட்டத்தைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அதற்குமுன் அவருடைய தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பிள்ளை. எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில்தான் கூட்டாளிகளோடு புகைக்கத் தொடங்கினான். பிறகு வேறென்னவோவுக்குப் போனான். பிறகு மனம் குழம்பி, ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சோறும் கணவாய்க் கறியும் கட்டிக்கொண்டு அவர் பஸ் ஏறுவதைப் பார்ப்போம். சில ஞாயிறுகளில் அந்தப் பெட்டி திறக்கப்படாமலே திரும்பி வரும். எல்லாம் கஞ்சாவில் தொடங்கியது என்று நாங்கள் எல்லோரும் சொல்வோம். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஓர் இளம் வேட்பாளர், கஞ்சாவைச் சட்டரீதியாக்கவேண்டும் என்று கால்மணி நேரம் பேசினார். அவர் நல்ல பேச்சாளர். அவர் ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் எங்கள் பக்கத்துச் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இவர் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்.

"கஞ்சா புகைக்கிற பிள்ளையளைக் குற்றவாளியாப் பாக்கிறதை நான் விரும்பேல்லை. அதைத் தடைசெய்து நாங்கள் ஒருத்தரையும் காப்பாத்தேல்லை. நான் அதைச் சட்டரீதியாக்கப் பாடுபடுவன்."

குரல் நடுங்கவில்லை. வேட்பாளர் நெஞ்சில் கைவைத்த இடத்தில் இவருடைய குரலும் நெஞ்சில் கைவைத்ததுபோல் கனத்தது. முன்வரிசையில் ஓர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். நானும் போயிருப்பேன், ஆனால் தலைவர் நாற்காலியில் இருந்தேன்.

அப்போது பின்னால் கைதட்டல் கேட்டது. மட்டன் ரோல்ஸ் கிடைக்கும் என்று வந்து நின்ற பையன்கள். எங்கள் கட்டடத்து நிரூஷனும் அவனுடைய மூன்று கூட்டாளிகளும். இத்தனை வருடத்தில் அவர்கள் ஒரு தேர்தல் கூட்டத்தில் கைதட்டி நான் பார்த்ததில்லை. ஒருவன் கையை உயர்த்திக் கேள்வி கேட்டான். இன்னொருவன் வாக்குச்சாவடி எங்கே என்று பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்தான். நான் மைக்கில் பேசிப் பேசி எழுப்ப முடியாமல் போனவர்களை இந்த ஒரு விஷயம் எழுப்பிவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். பயம்தான் வந்தது. இவ்வளவு நாளும் நான் கேட்டது அவர்களுடைய வாக்கை அல்ல, என் வாக்கை அவர்கள் போடவேண்டும் என்பதைத்தான் என்று இப்போது தெரிகிறது.

தேர்தலுக்குச் சில நாள் முன்பு நிரூஷன் லிப்ட்டில் என்னோடு ஏறினான். இருபத்திரண்டு வயது, சாமான்கடையில் வேலை, மரியாதையான பிள்ளை.

"அங்கிள், ஒண்டு கேக்கட்டோ? போன கோடையிலை பார்க்கிலை புகைச்சதுக்கு எனக்குப் போலீஸ் தண்டம் அடிச்சவங்கள். அது இருந்தா வாக்குப்போட விடுவாங்களோ? எங்கள் நாலு பேருக்கும் இருக்கு."

விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தண்டம் கட்டியவன் என்ன, சிறையில் இருப்பவன்கூட இந்த நாட்டில் வாக்குப்போடலாம்.

"இல்லைத் தம்பி, அது இருந்தா ஏலாது" என்றேன். "நல்லகாலம் என்னட்டைக் கேட்டனி. அங்கை போய் எல்லாருக்கும் முன்னாலை அவமானப்பட்டிருப்பாய்."

"ஐயோ, தாங்ஸ் அங்கிள்" என்றான். லிப்ட்டை விட்டு இறங்கும்போது எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தேர்தல் நாள் பின்னேரம், மெட்ரோ கடைசி நிலையத்தில் அவர் வேலை முடிந்து இறங்கி வருவதைக் கண்டேன். நானே போய்ச் சொன்னேன். மறைக்கவேண்டிய காரியமாக எனக்குத் தோன்றவே இல்லை. அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அது உண்மை.

"உம்மடை தம்பியை நினைச்சுத்தான் சொன்னனான், தங்கச்சி. நாலு வாக்குக் குறைஞ்சுது."

அவர் பைக்குள் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார், எடுக்கவில்லை.

"அங்கை ஊரிலை, நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை, எங்கடை வீட்டு வாசல்லை ஆயுதத்தோடை வந்து, நாளைக்கு ஒருத்தரும் வாக்குப்போடப் போகக்கூடாது எண்டு சொல்லிப்போட்டுப் போனவங்கள். அப்பா போகேல்லை. சாகுமட்டும் அதை நினைச்சு வெக்கப்பட்டவர்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களிட்டைத் துவக்கு இருக்கேல்லை, அண்ணை. அவ்வளவுதான் வித்தியாசம்."

"நான் அதுக்காகச் சொல்லேல்லை..."

"சாவடி பூட்ட இன்னும் நேரமிருக்கு. வாங்கோ, போய்ச் சொல்லுங்கோ."

"நீர் சொல்லும், தங்கச்சி. எனக்கு வாய் வராது."

"நான் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுறதைச் சொல்லுவன். கூட்டமாட்டன், குறைக்கமாட்டன்."

கட்டட வாசலிலுள்ள மர வாங்கில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நிரூஷன், ஒரு சோமாலியப் பையன், ஒரு பாகிஸ்தானியப் பையன். நாலாவதாக அவர்களோடு எப்போதும் நிற்கும் நோர்வேஜியப் பையன் பண்டகசாலையில் மாலை வேலைக்குப் போய்விட்டான். அவர் வாங்கின் ஒரு பக்கமாகப் போய் நின்றார். இப்போது போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார்.

நோர்வேஜிய மொழியில் நானே சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் அந்த மொழியில் சம்பளம் வாங்கியவன். அன்று ஒரு சொல்லும் அகப்படவில்லை. தமிழில்தான் வந்தது.

"தம்பி, நான் உனக்குச் சொன்னது பொய். தண்டம் இருந்தாலும் வாக்குப்போடலாம். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்."

நிரூஷன் விளங்கிக்கொண்டு வாயைத் திறந்தான். மற்ற இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நோர்வேஜிய மொழியில் சொன்னார். "நான் உனக்குச் சொன்னது பொய். தண்டம் இருந்தாலும் வாக்களிக்கலாம். தெரிந்துகொண்டேதான் சொன்னேன்."

என் வெட்கம் முழுவதும் அந்தக் குரலில் இருந்தது. நான் எவ்வளவு தாழ்ந்து சொன்னேனோ அவ்வளவே அவரும் தாழ்ந்து சொன்னார். கண்ணை மூடியிருந்தால் பொய் சொன்னது அவர்தான் என்று யாரும் நினைத்திருப்பார்கள். என்னுடைய இழிவை ஒரு மனிதர் தன் வாயில் வைத்து, துப்பாமல், இனிப்புப் போடாமல் கொண்டுபோய் அடுத்தவரிடம் கொடுப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஏன் அங்கிள்?" என்றான் நிரூஷன்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னை நியாயப்படுத்தும் ஆசை வந்துவிட்டது. "ஏனோ? இந்தப் படிக்கட்டிலை உங்களை மாதிரிப் புகைச்சுத்தான் இவவின்ரை தம்பி இண்டைக்கு ஆளையாள் தெரியாமல் கிடக்கிறான். அதாலைதான்" என்று விரலால் அவரைக் காட்டிச் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

அவர் ஒரு கணம் நிலத்தைப் பார்த்தார். தொல்க் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தால் ‘நான்’ என்று சொல்லமுடியாது, ‘நான்’ பேசுகிறவருக்குச் சொந்தம். ஆகவே "தொல்க்" என்றுதான் சொல்லவேண்டும்.

"இந்தப் படிக்கட்டில் உங்களைப்போல் புகைத்துத்தான்," என்றார், "தொல்க்கின் தம்பி இன்று ஆளையாள் தெரியாமல் கிடக்கிறான். அதனால்தான்."

 சோமாலியப் பையன் மெதுவாக அவரைக் கேட்டான். "அது உண்மையா? உங்கள் தம்பியா?"

அவர் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "அது உண்மையோ? உங்கடை" என்று தொடங்கி நிறுத்தினார். "தொல்க்கின்ரை தம்பியோ?" என்று முடித்தார். அவர் வழுக்கி நான் பார்த்தது அந்த அரைச் சொல்தான்.

"ஓம்" என்றேன்.

"ஆம்" என்றார், அந்தப் பையனிடம், என்னுடைய குரலில்.

பையன்கள் எழுந்தார்கள். நிரூஷன் நாலாவது கூட்டாளிக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தான். வேலையிடத்துப் பெட்டியில் கிடந்திருக்கவேண்டும், யாரும் எடுக்கவில்லை. மூன்று பேரும் பள்ளிக்கூடத்துச் சாவடிக்கு நடந்தார்கள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். கட்டைச் சுவருக்கு வெளியே நின்று, அவர்கள் வரிசையில் சேர்ந்து உள்ளே போவதைப் பார்த்தோம்.

"அவங்கள் எதுக்குப் போடுவாங்கள் எண்டு தெரியுந்தானே உமக்கு?" என்று கேட்டேன்.

"ஓம். நான் மற்றப்பக்கம் போட்டனான். காலமையே போட்டுட்டன்." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் தன் வாக்கைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "எனக்கெதிரா இப்ப மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறன். அவங்கள் வெண்டா வெல்லட்டும். என்னட்டை வந்து ஏன் எண்டு கேட்டா நான் சொல்லுவன். கதவைப் பூட்டி வெல்லுறது வெல்லுறதே, ஐயா?"

அதுவரை நான் அவருக்கு அண்ணை. அந்த வாக்கியத்திலிருந்து ஐயா. கோபம் இல்லை, லிப்ட்டில் கண்டால் சிரிப்பார். ஆனால் ஐயாதான்.

"நாலாவது பிள்ளைக்கும் நீங்கள்தான் போய்ச் சொல்லவேணும்" என்றும் சொன்னார். சொல்லுகிறேன் என்றேன். அந்தப் பையன் அன்று வாக்குப்போடவில்லை. நிரூஷன் அவனுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டான். நான் போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளி, அவன் நகரத்தின் மறுபுறம் மோர்டென்ஸ்ருட்டுக்குக் குடிபோய்விட்டான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அவரும் தம்பிக்கு நல்லதொரு இடம் கிடைத்தது என்று துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டார்.

இந்த வருடம் எனக்கு மூளையில் ஒரு சிறு அடைப்பு வந்தது. கண் விழித்தபோது வலது கால் பாரமாகியிருந்தது. நோர்வேஜிய மொழி போய்விட்டது. தமிழ் இருந்தது. தாதி பேசுவது இரைச்சலாகக் கேட்டது. சில வாரங்களில் திரும்பும் என்று பிறகு சொன்னார்கள், திரும்பியும் வருகிறது. ஆனால் அன்று டொக்டர் ஒரு போனைக் கட்டிலின் மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். தொல்க்குக்கு அடித்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"வணக்கம். தொல்க் கதைக்கிறன். இந்த நோயாளியைத் தொல்க்குக்குத் தெரியும், முந்தி அயலிலை இருந்தவர். ஆருக்காவது ஆட்சேபம் இருந்தா வேறை ஆளை எடுக்கலாம்." அதையே நோர்வேஜிய மொழியிலும் சொன்னார். டொக்டருக்கு ஆட்சேபம் இல்லை. எனக்கும் இல்லை என்றேன். என் சொற்கள் கோணலாக வந்தன.

டொக்டர் என் காலைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் சொல்லிவிட்டு, வேறேதாவது கேட்கவேண்டுமா என்று கேட்டார்.

"தங்கச்சி," என்றேன், "என்னை மன்னிச்சுக்கொள்ளும். அந்தப் பிள்ளையளின்ரை வாக்குக்கு."

அறையில் சொல்லப்படுவது எல்லாம் மொழிபெயர்க்கப்படும். அவர் அதை அப்படியே டொக்டருக்குச் சொன்னார். டொக்டர் குழம்பிப்போய் ஏதோ கேட்டார்.

"தொல்க் உங்கடை தங்கச்சியோ?" என்றது குரல்.

"இல்லை. முந்தி அப்பிடி."

"என்ன வாக்கு?"

நான் சொன்னேன். லிப்ட், பொய், வாங்கு, நாலு பையன்கள். விக்கி விக்கிச் சொன்னேன். அவர் அந்த விக்கலோடு சொன்னார். டொக்டர் இளம் பெண், என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்கள் வாக்குப்போட்டவங்களோ?"

"மூண்டு பேர் போட்டவங்கள். ஒருத்தன் போடேல்லை. அவனிட்டைப் போய்ச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டு நான் போகேல்லை."

"அவன் இப்ப எங்கை?"

"மோர்டென்ஸ்ருட்டிலை."

டொக்டர் சிரித்தார். என் வலது காலின்மேல் கையை வைத்து இரண்டு வார்த்தை சொன்னார். போனில் திரும்பவும் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப எழும்பி நடவுங்கோ" என்றார் அவர்.

நான் போர்வையை விலக்கினேன். நல்ல காலை முதலில் கீழே விட்டேன். மற்றக் காலை இரண்டு கையாலும் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தேன்.